எத்தனை முட்டை பிடிக்கும் இயந்திரம் வாங்குவது?

கேள்வி: ஐயா, பினாங்கில் நிபோங் திபாலுக்கு வெளியே பழைய தோட்டப் பகுதியை ஒட்டிய எங்கள் சொந்த நிலத்தில் குடியிருக்கிறோம். எட்டுக் கம்பத்துக் கோழிகளும், அதாவது நாட்டுக் கோழிகளும், ஒரு சேவலும் உண்டு. அடைக்கு உட்காரும் கோழியின் முட்டைகளை உடும்பு வந்து தின்றுவிடுவதால், 12 முட்டை பிடிக்கும் சிறிய குஞ்சு பொரிப்பான் ஒன்றை என் தம்பியிடம் இரவல் வாங்கினேன். பன்னிரண்டு நாள் சமையலறைத் தட்டில் சேர்த்து வைத்த முட்டைகளை அதில் வைத்து, கூடவே வந்த தாளில் சொன்னபடி இரண்டு தண்ணீர்க் குழிகளையும் நாள்தோறும் நிரப்பி வந்தேன். மூன்று குஞ்சுகளே வந்தன. நான்கு முட்டைகள் கூமுட்டை. மீதி ஐந்தை 23-ஆம் நாள் உடைத்துப் பார்த்தபோது முழுதாக வளர்ந்த குஞ்சுகள் உள்ளேயே இறந்திருந்தன. ஓட்டுக்குள் நீர் கோத்து, குஞ்சு ஊதிப்போய் இருந்தது. இயந்திரம் மட்டம் என்கிறார் என் கணவர். இணையத்தில் 56 முட்டை பிடிக்கும் தானியங்கி இயந்திரம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். என் அண்ணன் மகனோ வெள்ளை நுரைப்பெட்டியில் விளக்கு மாட்டித் தானே செய்து தருவதாகச் சொல்கிறான். எதை வாங்கலாம்?

பதில்: அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பொரிக்காத முட்டைகளை அப்படியே குப்பையில் போடாமல் உடைத்துப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால் நானும் உங்கள் கணவரோடு சேர்ந்து இயந்திரத்தின் மேல்தான் பழியைப் போட்டிருப்பேன். குஞ்சு பொரிப்பகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொரிக்காத முட்டை எப்படிச் செத்தது என்பதை அதன் உட்புறமே பெரும்பாலும் சொல்லிவிடும், கேட்கத்தான் ஆள் இருப்பதில்லை.

கேட்ட கேள்விக்கு முதலில் விடை. வாங்குவதானால், 20 முதல் 24 முட்டை பிடிக்கும், உள்ளே விசிறி உள்ள, முட்டைகளைத் தானே புரட்டும் பிளாஸ்டிக் இயந்திரம் உங்களுக்குப் போதும். 56 முட்டை இயந்திரம் வேண்டாம். நுரைப்பெட்டி இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இந்த விடையை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனீர்களானால், புதிய இயந்திரத்திலும் அதே ஐந்து குஞ்சுகள் அதே போல் ஓட்டுக்குள் சாகும். ஏனெனில் அவற்றைக் கொன்றது இயந்திரம் அன்று, அதில் நீங்கள் ஊற்றிய தண்ணீர் என்றே நான் கருதுகிறேன்.

கோழி முட்டை 21 நாளில் பொரிகிறது. அதற்குள் முதல் 18 நாளில், வைத்தபோது இருந்த எடையில் ஏறக்குறைய 12 விழுக்காட்டை அது இழந்தாக வேண்டும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக உள்ளிருக்கும் நீர் ஆவியாக வெளியேற, காலியான இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாவது இதனால்தான். 19, 20-ஆம் நாள்களில் குஞ்சு முதலில் கிழிப்பது ஓட்டை அன்று. இந்தக் காற்றறையின் சவ்வைத்தான். அதன் முதல் மூச்சு அந்தச் சிறிய அறையில் நடக்கிறது. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டுதான் அது ஓட்டை உடைக்கத் தெம்பு பெறுகிறது. நீர் போதிய அளவு வெளியேறாத முட்டையில் காற்றறை சிறுத்துக் கிடக்கும், குஞ்சு நீர் ஏறி ஊதியிருக்கும், உள்ளே உடலைத் திருப்பக்கூட இடம் இருக்காது. அலகை நீட்டும்போது காற்றுக்குப் பதிலாக நீரில் மூக்கை நுழைத்து மூச்சுத் திணறிப் போய்விடும். நீங்கள் உடைத்துப் பார்த்த ஐந்தும் இந்தக் கதைதான். வறட்சியால் செத்திருந்தால் உள்சவ்வு காய்ந்த காகிதம்போல் குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்; நீங்கள் எழுதியது அதற்கு நேர்மாறு. வெப்பம் சற்றுக் குறைந்து ஓடியிருந்தாலும் குஞ்சு பிந்தி, வலுவிழந்து சாகக்கூடும். அதற்கான சோதனையைப் பின்னால் சொல்கிறேன்.

தாளை எழுதியவர் பொய் எழுதவில்லை. அவர் வேறு ஊரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். காற்றைச் சூடாக்கும்போது அதிலுள்ள நீர் குறைவதில்லை. அந்தக் காற்று தாங்கக்கூடிய நீரின் அளவு கூடிவிடுவதால், ஈரப்பதத்தின் விழுக்காடு மட்டும் இறங்குகிறது. குளிர்நாட்டில் 20 டிகிரியும் 40 விழுக்காடு ஈரமும் உள்ள அறைக் காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், அது 15 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அங்கே தண்ணீர் ஊற்றாமல் முடியாது. நம் ஊரில் 30 டிகிரியும் 75 விழுக்காடு ஈரமும் உள்ள காற்றை அதே அளவு சூடாக்கினால், கிடைப்பது ஏறக்குறைய 50 விழுக்காடு. முதல் 18 நாளைக்கு முட்டைக்கு வேண்டியது 45 முதல் 55 விழுக்காடு. அதாவது, பினாங்கின் காற்றே வேண்டிய ஈரத்தைக் கொண்டுவந்து விடுகிறது; இரண்டு குழிகளிலும் தண்ணீர் நிரப்பினால் அதற்கு மேல் போவது முழுவதும் மிகை. ஆகவே முதல் 18 நாளும் குழிகள் காய்ந்தே இருக்கட்டும். ஈரமானி 40-க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் மட்டும் சிறிய குழியில் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு: குளிர்சாதனம் ஓடும் அறையில் இயந்திரத்தை வைத்தீர்களானால் கணக்கே மாறிவிடும். அங்கே 24 டிகிரியும் 55 விழுக்காடும் இருந்தால், இயந்திரத்துக்குள் 25 விழுக்காடுதான் வரும். இரவில் மட்டும் குளிர்சாதனம் போடும் படுக்கையறை இதனினும் மோசம். பகலில் ஒரு கணக்கு, இரவில் ஒரு கணக்கு. கூடத்தின் ஒரு மூலையோ பண்ட அறையோ போதும்.

மலிவான இயந்திரங்களின் ஈரமானியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பத்து விழுக்காடு தள்ளிக் காட்டுவது சாதாரணம். தனியாக ஒரு சிறு ஈரமானி வைத்திருந்தால் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்: ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரைந்துவிடாமல் ஈரக் குழம்பாக்கி, அதையும் ஈரமானியையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். 68 காட்டினால், எப்போதும் 7 கூட்டிப் படியுங்கள்.

அதைவிட நம்பகமான கருவி உங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது: மாவு நிறுக்கும் தராசு. முட்டைகளை வைக்கும் நாளில் ஒவ்வொன்றையும் நிறுத்து, அதன் எடையைப் பென்சிலால் ஓட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை உள்ளே இறங்கும். கம்பத்துக் கோழி முட்டை ஒன்று 45 கிராம் என்று வைத்துக்கொண்டால், 12 முட்டைகளின் எடை 540 கிராம். ஏழாம் நாள் அது 515 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும்; 14-ஆம் நாள் 490; 18-ஆம் நாள் 475. இடையில் கூமுட்டைகளை எடுத்துவிட்டால், அவற்றின் ஓட்டில் எழுதியிருக்கும் எடையைத் தொடக்கக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டு, மீதி உள்ளவற்றுக்கு அதே விழுக்காட்டைப் பாருங்கள். ஏழாம் நாள் 525-லேயே நின்றால் ஈரம் மிகுதி. காற்றுத் துளைகளை இன்னும் திறந்துவிடுங்கள். 505-க்கு இறங்கிவிட்டால் சிறிய குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமானி என்ன காட்டினாலும் சரி, தராசு சொல்வதே முடிவு. ஐந்து வெள்ளி ஈரமானிக்காக வீணாகும் குஞ்சுகளை நிறையப் பார்த்துவிட்டதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இனி அந்த நான்கு கூமுட்டைகள். எட்டுப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும், அதில் குறையில்லை. குறை, பன்னிரண்டு நாள் சமையலறைத் தட்டில் வைத்ததில் இருக்கிறது. முட்டை இடப்படும்போதே உள்ளே கரு வளரத் தொடங்கியிருக்கும், குளிர்ந்ததும் உறங்கிவிடும். 15 முதல் 18 டிகிரி வரை உள்ள இடத்தில் ஒரு வாரம் வரை அது நிம்மதியாக உறங்கும். அடுப்பெரியும் சமையலறையின் 30 டிகிரியிலோ அது உறங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் அரைகுறையாக வளர்ந்து, நாலைந்து நாளில் தளர்ந்து, இயந்திரத்தில் வைத்த முதல் நாள்களிலேயே போய்விடும். உடைத்துப் பார்க்கும்போது கருவே கூடாத முட்டை போலத் தோன்றும். குளிர்பெட்டியும் சரிப்படாது, அதன் 4 டிகிரி கருவுக்கு மிகையான குளிர். எனவே சேர்க்கும் நாளைக் குறைப்பதுதான் வழி. ஐந்து நாள்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். வீட்டில் மிகக் குளிர்ந்த இடத்தில், கூர்முனை கீழே இருக்குமாறு முட்டை அட்டையில் வையுங்கள். கழுவ வேண்டாம், ஓட்டின் மேல் உள்ள இயற்கைப் பூச்சு கழுவினால் போய்விடும், கிருமி உள்ளே நுழைய வழி திறந்துவிடும். அழுக்கு முட்டையை வைக்காமல் குழம்பில் போட்டுவிடுவதே நல்லது.

உங்கள் கேள்வியின் உண்மையான விடை இந்த ஐந்து நாள் கணக்கில்தான் இருக்கிறது. கம்பத்துக் கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குக் கேறத் தொடங்கிவிடும். ஆகவே எட்டுப் பேடுகளில் ஒரே சமயத்தில் இடுபவை நான்கைந்துதான் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முட்டை என்றால், ஐந்து நாளில் 15 முதல் 20. இந்த எண்தான் நீங்கள் வாங்க வேண்டிய இயந்திரத்தின் அளவு. 56 குழிகள் கொண்ட தட்டைப் பார்த்தால் அதை நிரப்ப வேண்டும் என்று மனம் சொல்லும். நிரப்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் முதலில் இட்டவை வீணாகியிருக்கும். வாரத்துக்குக் கொஞ்சமாக ஒரே இயந்திரத்தில் சேர்த்துக்கொண்டே போகலாமே என்று சிலர் செய்வார்கள். கடைசி மூன்று நாள் முட்டைக்கு 65 முதல் 70 விழுக்காடு ஈரம் வேண்டும், புரட்டவும் கூடாது. அதே பெட்டியில் பக்கத்தில் இருக்கும் ஐந்து நாள் முட்டைக்கு வறண்ட காற்றும் வேண்டும், புரட்டலும் வேண்டும். ஒரு பெட்டியில் இரண்டுக்கும் இடமில்லை.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, விசிறி இருக்கிறதா என்று பாருங்கள். விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே ஏறி நின்றுவிடுவதால், முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 முதல் 39 டிகிரி வரை வைத்தால்தான் நடுவில் சரியாக இருக்கும். அதைச் சமாளிக்க அனுபவம் வேண்டும். விசிறி உள்ளதில் எங்கும் 37.5 டிகிரி என்று வைத்துவிடலாம். அரை டிகிரி கூடினால் குஞ்சு 20-ஆம் நாளே அவசரமாக, தொப்புள் சரியாக மூடாமல் வரும். குறைந்தால் 22, 23-ஆம் நாள் சோர்ந்து வரும். கூடுவது குறைவதைவிடக் கொடியது.

திரையில் 37.5 என்று ஓடுவதாலேயே முட்டைக்கும் 37.5 என்று நினைத்துவிட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொரிப்பகத்தில் இரவுப் பணியில் இருந்தேன். விசிறியின் வார் அறுந்துபோனது எனக்குத் தெரியவில்லை; உணரி இருந்த கீழ்த்தட்டில் வெப்பம் சரியாகவே இருந்ததால் எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. வழக்கமாகச் செவியில் விழும் இரைச்சல் இல்லையே என்று கதவைத் திறந்து, மேல்தட்டு முட்டை ஒன்றை எடுத்துக் கண்ணிமையின் மேல் வைத்துப் பார்த்தேன், சுட்டது. அந்த இரவு மேல் மூன்று தட்டுகளும் போயின. சிறிய இயந்திரத்துக்கும் இதே விதிதான்: உணரி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் வெப்பத்தை மட்டுமே திரை காட்டும். இதைச் சோதிக்கத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. காய்ச்சல் பார்க்கும் மின்னணு வெப்பமானி சரியாக இந்த எல்லையில்தான் அளக்கிறது. முட்டைகளை வைப்பதற்கு முன் இயந்திரத்தை ஒரு நாள் முழுவதும் வெறுமனே ஓடவிட்டு, வெப்பமானியின் நுனியை நடுவில் சில நிமிடம், நான்கு மூலைகளிலும் சில நிமிடம், ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட்டு, வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் அரை டிகிரிக்குமேல் திரையிலிருந்து விலகினால், அமைப்பில் திருத்திக்கொள்ளலாம். ஒரு மூலை மட்டும் விலகினால் அந்த மூலையில் முட்டை வைக்காதீர்கள். மூலைக்கு மூலை ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டால் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதரசம் உள்ள பழைய கண்ணாடி வகையை உள்ளே வைக்க வேண்டாம்.

புரட்டுவதில் பல வகை உண்டு. தட்டோடு இரு பக்கமும் சாய்ப்பவை, உருளைகளின் மேல் உருட்டுபவை, கட்டங்களால் தள்ளுபவை. எதுவும் நல்லதுதான், ஆனால் கட்டம் முட்டைக்குப் பொருந்த வேண்டும். பல கட்டங்கள் பண்ணைக் கோழியின் 60 கிராம் முட்டைக்கு அளவெடுத்தவை. நம் கோழியின் சிறிய முட்டை அதில் புரளாமல் வழுக்கிக்கொண்டே போகும். கடைக்குப் போகும்போது கைப்பையில் உங்கள் வீட்டு முட்டை ஒன்றை எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். காற்றுத் துளைகள் மூடித் திறக்கும்படி இருக்க வேண்டும். திறக்க முடியாத இயந்திரம் நம் காற்றுக்கு ஆகாது. புரட்டும் மோட்டாரும் விசிறியும் தனியே வாங்கக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முதலில் பழுதாவது அவை இரண்டும்தான்.

இணையத்தில் வாங்கும் இயந்திரங்கள் சில, இரண்டு கால் ப்ளக்குடன் வந்து சேரும். நம் சுவர்ச் சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ குத்திக்கொண்டு இரண்டு காலை நுழைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தண்ணீரும் மின்சாரமும் மூன்று வாரம் இரவு பகலாக ஒரே பெட்டியில் இருக்கப்போகின்றன. அந்த வேலையை இதில் செய்யாதீர்கள். சிரிம் என்ற மலேசியத் தரச்சான்று முத்திரை உள்ள மூன்று கால் ப்ளக்கை மின்பணியாளரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகனின் நுரைப்பெட்டியைப் பற்றி நான் இளக்காரமாகச் சொல்லமாட்டேன். அந்தப் பெட்டி வெப்பத்தை நன்றாகவே பிடித்துவைக்கும், நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பு ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமல் போனால், ஒரு மணி நேரத்தில் முட்டைகள் அவிந்துவிடும். நுரை தீப்பிடிக்கவும் கூடும். நுரை துர்நாற்றத்தையும் கிருமியையும் உறிஞ்சிக்கொள்வதால், இரண்டாம் முறை வைக்கும்போது முதல் முறையின் அழுக்கும் சேர்ந்தே இருக்கும். பிளாஸ்டிக் பெட்டியைக் குளோராக்ஸ் வெளுப்பான் கலந்த தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்துவிடலாம். பையன் ஆர்வத்தோடு கேட்கிறான் என்றால், குஞ்சுகள் வந்த பிறகு அவற்றுக்குச் சூடு காட்டும் பெட்டியைச் செய்யச் சொல்லுங்கள். அதில் சிறு பிழை நேர்ந்தாலும் குஞ்சுகள் நகர்ந்து தப்பிக்கும்.

எங்கள் அம்மா அடை வைக்கும்போது கூடையில் ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுவார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. அடைக்கோழிக்கு அது பொருந்துமோ என்னவோ, இயந்திரத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. மாலை இடியில் வீட்டின் மின்கசிவுத் தடுப்பு விசை விழுந்துவிடும். நீங்கள் கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போயிருந்தால், திரும்பி வரும்வரை இயந்திரம் ஓடாது. பெட்டியைத் திறக்காமல் ஒரு துண்டால் போர்த்தி, காற்றுத் துளையை மட்டும் விட்டு வைத்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரிய கேடு வராது. அடைக்கோழியும் இரை தேட எழுந்து போவதுதான். அடிக்கடி மின்சாரம் போகும் வீடு என்றால், 12 வோல்ட் இணைப்பும் உள்ள இயந்திரமாகப் பார்த்து வாங்குங்கள். 40 வாட் இயந்திரம் நல்ல நிலையில் உள்ள கார் பேட்டரியில் ஓர் இரவைத் தாண்டிவிடும். மின்கட்டணத்துக்காகப் பயப்பட வேண்டாம். அதே 40 வாட் இடைவிடாமல் 21 நாள் ஓடினாலும் 20 யூனிட்டுதான்.

இடத்தைப் பற்றி இன்னொன்று. இந்த இயந்திரத்துக்குச் சூடேற்றத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. தகரக் கூரையின் கீழ் மதியம் 36 டிகிரிக்கு ஏறும் பின்கட்டில் வைத்தால், மூன்றாம் வாரத்தில் குஞ்சுகளின் உடற்சூடும் சேர்ந்து 39-ஐத் தாண்டும்; அப்போது இயந்திரம் தன் சூட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

ஏழாம் நாள் இரவில் அறை விளக்கை அணைத்து, கைத்தொலைபேசி விளக்கின் மேல் ஓர் அட்டைக் குழலை வைத்து, முட்டையின் அகன்ற முனையை அதில் பொருத்திப் பாருங்கள். கரு உயிரோடு இருந்தால் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போல் பரவும் சிவப்பு நரம்புகளும் தெரியும். சற்று நேரம் பார்த்தால் புள்ளி துள்ளும். வெறும் மஞ்சள் ஒளி என்றால் கரு கூடவில்லை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு தொடங்கிச் செத்திருக்கிறது. அடுத்த முறை கூமுட்டைகளில் எத்தனை இந்த வளையம் என்று தெரிந்தால், குற்றம் சேவலிடமா சமையலறைத் தட்டிலா என்பதும் தெரிந்துவிடும்.

18-ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, முட்டைகளைக் கட்டத்திலிருந்து எடுத்துப் படுக்கவைத்து, அடியில் சொரசொரப்பான துணி ஒன்றை விரியுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக்கில் பிறந்த குஞ்சுக்குக் கால் இரு பக்கமும் விரிந்துபோகும். இப்போதுதான் இரண்டு குழிகளிலும் வெந்நீர் ஊற்ற வேண்டும். அதன் பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. ஓட்டில் முதல் விரிசல் தெரிந்த பிறகு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதற்குள் கத்தும், ஓயும், மறுபடி கத்தும். இரக்கப்பட்டு உரிக்கப் போனீர்களானால், மஞ்சள் கருவை இன்னும் உள்ளே இழுக்காத குஞ்சுக்கு இரத்தம் வடியும். முதலில் வந்த குஞ்சு பசியில் கிடக்கிறதே என்றும் திறக்க வேண்டாம். அந்த மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தாங்கும்.

வந்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். நம் ஊரில் அது பெரும்பாலும் இரவு வேலைதான். விளக்கடியில் குவிந்தால் குளிர், வாயைத் திறந்துகொண்டு ஓரம் போனால் சூடு. வெள்ளைக்கழிச்சலுக்கு, அதாவது சம்பார் ஆயாமுக்குத் தடுப்பூசி எப்போது போடுவது என்று மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்பவற்றில் பாதி சேவலாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். சொந்த நிலம் என்றாலும் பக்கத்தில் வீடுகள் இருந்தால், கோழிகளின் எண்ணிக்கையைக் கூட்டுமுன் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் விதியைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. தம்பியின் இயந்திரத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால், எதையும் வாங்குமுன் அதிலேயே இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். ஐந்து நாளுக்குள் இட்ட முட்டை பன்னிரண்டு, காய்ச்சல் வெப்பமானியால் சோதித்த வெப்பம், 18-ஆம் நாள்வரை காய்ந்த குழிகள். எட்டு ஒன்பது குஞ்சுகள் வந்தால், அந்த இயந்திரம் மட்டமில்லை. தம்பியிடமே விலை பேசிப் பாருங்கள், அதை வைத்துக்கொண்டு இன்னொன்று அதே அளவில் வாங்கினால், ஒன்றில் புரட்டவும் மற்றொன்றில் பொரிக்கவும் ஆகும். அதன் பிறகும் ஓட்டுக்குள் செத்தால் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது ஏழாம் நாள், 14-ஆம் நாள், 18-ஆம் நாள் எடைகளையும், உடைத்த முட்டையில் காற்றறை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.